எழுபது வருஷக் கடிதம்

பாடியில் கிறிஸ்தவர் குடியிருக்கும் வீட்டை வாசல் பெயர்ப்பலகையே சொல்லிவிடும். எபெனேசர் இல்லம், பெத்தேல், யெகோவாயீரே என்று எழுதியிருக்கும். உள்ளே போனால் இன்னொன்றும் கண்ணில் படும். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியோ, பீரோ கண்ணாடியின் ஓரத்தில் செருகியோ, உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. பின்னணியில் மலையோ நீரோடையோ, அதன்மேல் வேதாகமத்திலிருந்து ஒரு வசனம், அடியில் அந்த வருஷம். இதை வாக்குத்தத்த அட்டை என்போம். வருஷம் முழுக்க அது அங்கேயே இருக்கும். சாம்பார் தெறித்து, ஓரம் சுருண்டு, டிசம்பர் வரும்போது படம் வெளிறிப்போயிருக்கும்.

என் பக்கத்து வீட்டு நண்பர் வியாழக்கிழமை தவறாமல் திருவலிதாயம் கோவிலுக்குப் போகிறவர். திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. குருவை வணங்க எங்கெங்கிருந்தோ வருகிற கூட்டத்தில் அன்றைக்குப் பாடியில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. ஒருநாள் எங்கள் வீட்டு அட்டையை நின்று படித்துவிட்டு அவர் கேட்டார்: "அண்ணாச்சி, இதுல இருக்கிறது உங்க குடும்பத்துக்குன்னே சாமி சொன்னதா? அப்படி நடக்கலன்னா என்ன பண்ணுவீங்க?"

கடவுளை நம்பி வாழ்கிற எவரும் என்றாவது கேட்டுக்கொள்ளும் கேள்விதான். அன்றைக்கு ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடக் கூடிய பதிலாக அது இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அட்டை கைக்கு வரும் விதத்தை முதலில் சொல்கிறேன். டிசம்பர் 31 இரவு ஆலயம் நிரம்பிவிடும். வாசலில் ஷாமியானா போட்டு நாற்காலி போடுவோம். இரண்டாவது ஷிஃப்ட் முடித்தவர்கள் யூனிஃபார்மோடு, தோளில் டிபன் பையோடு வந்து பின்வரிசையில் உட்காருவார்கள். பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் விளக்கை அணைத்துவிட்டு முழங்காலில் நிற்போம். கழிந்த வருஷத்துக்கு நன்றி சொல்வதும் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பதும் அந்த இருட்டில்தான். மணி அடித்ததும் விளக்கு எரியும். பாட்டு, பிறகு திருவிருந்து. எல்லாம் முடிந்தபின் ஆயர் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலருகே நிற்பார். அட்டைகள் கவிழ்ந்திருக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்தவர்கள் அங்கேயே படிப்பதில்லை. நான்கு அடி தள்ளிப் போய், டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். வரன் அமையாத மகள் இருப்பாள். ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் தகப்பன் இருப்பார். கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்களா என்று தெரியாத பையன் இருப்பான். அவரவர் பாரத்துக்குப் பதில் அந்தச் சிறிய அட்டையில் வந்திருக்கிறதா என்று தேடும் அந்த முகங்களை லேசாக எடைபோட என்னால் முடியாது.

இப்படி ஒரு வசனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைத் தொடங்கும் வழக்கம் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் 1728-ல் ஏற்பட்டது. அங்கிருந்த சபையை வழிநடத்திய சின்சென்டார்ஃப் பிரபு அந்த வருஷம் மே மாதம் 3-ம் தேதி மாலைக் கூட்டத்தில் மறுநாளுக்கென்று ஒரு வசனம் கொடுத்தார். அது வீடு வீடாகச் சொல்லப்பட்டது. 1731 முதல் புத்தகமாக வருகிறது. இன்றைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அச்சாகும் அந்தப் புத்தகத்துக்குப் பழைய ஏற்பாட்டு வசனங்களை இப்போதும் சீட்டு எடுத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் மண்ணோடு ஹெர்ன்ஹூட் சபையாருக்குத் தொடர்பும் உண்டு. ஹாலே நகரில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது தரங்கம்பாடி மிஷனரிகளின் அனுபவங்களைக் கேட்டு வளர்ந்தவர் சின்சென்டார்ஃப். 1760-ல் அவருடைய சபையாரே தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினார்கள். தேவனோடு உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் ஆராதனையை மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி 1755-ல் லண்டனில் நடத்தினார்; பிற்பாடு அது வருஷத் தொடக்கத்துக்கு உரியதாயிற்று. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்ட்டுகள் அந்த மரபையும் கொண்டுவந்தார்கள்.

எங்கள் தட்டிலிருந்து அடிக்கடி வரும் வசனம் ஒன்று உண்டு. எரேமியா 29-ம் அதிகாரம், 11-ம் வசனம். தம் மக்களுக்குத் தாம் நல்லதையே எண்ணியிருப்பதாகவும், அவர்களுக்கு எதிர்காலம் உண்டென்றும் ஆண்டவர் சொல்லும் இடம். பத்திரிகை வைப்பவர்களுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் பிடித்த வசனம். ஆனால் அது தீர்க்கதரிசி எரேமியா எழுதிய ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அந்தக் கடிதம் யாருக்குப் போனது, அதன் மற்ற வரிகளில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் வாக்குத்தத்தத்தின் எடை தெரியும்.

கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். இளம் ராஜா யோயாக்கீனை, அவன் தாயை, பிரபுக்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோனான். அவர்களோடு தச்சர்களையும் கொல்லர்களையும் கொண்டுபோனான். ராஜாக்கள் புத்தகம் அந்தத் தொழிலாளிகளின் எண்ணிக்கையை ஆயிரம் என்று தனியாகவே எழுதிவைத்திருக்கிறது. கைத்தொழில் தெரிந்தவர்கள் இல்லாமல் போனால் தோற்ற ஊர் மறுபடி வாளும் பூட்டும் செய்ய முடியாது. பாபிலோனுக்கோ அந்தக் கைகள் தேவை. எரேமியாவின் கடிதம் தொடங்கும் இடத்திலும் இந்தத் தச்சர் கொல்லர் பேச்சு வருகிறது.

நாசரேத்தில் ஃபிட்டர் படித்துவிட்டு 1980-ல் பாடிக்கு வந்தவன் நான். அப்போது நாசரேத் நெல்லை மாவட்டம். லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாசனர்ஸ் என்று 1960-களில் இந்தப் பக்கம் எழுந்த ஆலைகளும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் தெற்கிலிருந்து எத்தனையோ பேரை இழுத்தன. எங்களை யாரும் சிறைபிடிக்கவில்லை, சம்பளத்துக்கு வந்தோம். இருந்தாலும் அந்த அதிகாரத்தைத் திறக்கும்போதெல்லாம், அரமும் சுத்தியலும் பிடித்த கைகளுக்கு எழுதிய கடிதம் என்று எனக்கு அது தனியாக உறைக்கும்.

கடிதத்தில் என்ன இருக்கிறது? அந்நிய ஊரிலேயே வீடு கட்டிக்கொள்ளச் சொல்கிறார் ஆண்டவர். தோட்டம் போட்டு அதன் பழத்தைச் சாப்பிடச் சொல்கிறார். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்துப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்கிறார். தங்களைக் கொண்டுவந்து வைத்திருக்கும் அந்த நகரத்தின் நன்மைக்காக ஜெபிக்கச் சொல்கிறார். பிறகு கெடுவைச் சொல்கிறார்: எழுபது வருஷம். அதற்கு அடுத்த வரிதான் நம் அட்டை வசனம்.

எழுபது வருஷம் என்றால், அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் உயிரோடு ஊர் திரும்ப மாட்டார்கள்.

இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள், கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்களும் வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறான். எரேமியாவின் கழுத்தில் அடையாளமாகக் கிடந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். கூட்டத்துக்கு அவன் பேச்சு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவேகூட, அப்படியே ஆகட்டும் என்றுதான் முதலில் சொல்கிறார். அவருக்கும் அது வேண்டும். ஆனால் அது தேவன் சொன்னதல்ல. அந்த வருஷமே அனனியா இறந்துபோனான்.

இரண்டு வருஷக் குரல் இன்றைக்கும் கேட்கிறது. இந்த மாதமே கடன் தீரும், இந்த வாரமே விசா வரும், காணிக்கை வைத்தால் இரட்டிப்பாகத் திரும்பும் என்று மைக் பிடித்துச் சொல்கிறார்கள். 2019-ல் வண்டி விற்பனை படுத்து, பாடியிலும் அம்பத்தூரிலும் வேலையில்லா நாட்கள் அறிவிக்கப்பட்ட சமயம், எத்தனை பையன்கள் அந்தக் கூட்டங்களுக்கு ஓடினார்கள் என்று எனக்குத் தெரியும். கெடு முடிந்தும் ஒன்றும் நடக்காதபோது, உனக்கு விசுவாசம் போதவில்லை என்று பழி அவர்கள் தலையிலேயே விழுந்தது. வேலை இழந்தவனிடமிருந்து தேவனையும் சேர்த்துப் பிடுங்குகிற காரியம் அது. இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

2016 டிசம்பர் 31 இரவு என் மனைவி எடுத்த அட்டையில் இந்த எரேமியா வசனம் இருந்தது. அடுத்த ஏப்ரலில் கர்ப்பப்பையில் புற்று என்று தெரிந்தது. சொந்தக்காரர்கள் வந்து அட்டையைக் காட்டி, "வசனம் வந்திருக்குல்லா, கண்டிப்பா சுகம்தான்" என்றார்கள். நாங்களும் சுகத்துக்காகக் கேட்டோம். சபையார் உபவாசம் இருந்து, ராமுழுக்க ஜெபித்தார்கள். அவள் ஞாயிறு பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்தவள். வந்தவர்களை உட்காரவைத்து, "அது எழுபது வருஷத்துக் கடிதம்மா. முழுசா வாசிங்க" என்பாள். கீமோவுக்கும் கீமோவுக்கும் இடைப்பட்ட ஒரு வாரத்தில் ஒட்டு எலுமிச்சைக் கன்று ஒன்று வாங்கிவரச் சொன்னாள். இப்போது எதற்கு என்று கேட்டேன். "தோட்டம் போடச் சொல்லித்தானங்க எழுதியிருக்கு" என்றாள். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டி வைத்தோம். அது காய்ப்பதற்கு முன், 2018 செப்டம்பரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். இப்போது நன்றாகக் காய்க்கிறது. பக்கத்து வீட்டுக்கும் போகிறது.

அட்டை பொய்த்துவிட்டதா என்று அந்த நாட்களில் பலர் என்னிடம் கேட்காமல் கேட்டார்கள். சுகத்துக்காக நாங்கள் செய்த ஜெபத்துக்கு நாங்கள் கேட்ட பதில் வரவில்லை. அதை மூடி மறைத்தால் நான் விசுவாசி அல்ல. ஆனால் தேவனுடைய உண்மை என்பது அந்த ஒரு பதிலில் மட்டும் நிற்பதல்ல என்று அந்தக் கடிதமே சொல்கிறது. கடிதம் வந்து சேர்ந்த இடத்தில் தேவன் முன்னமே இருந்தார் என்பதுதான் அதில் நான் பிடித்துக்கொண்ட விஷயம்.

அங்கே ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எருசலேம் ஆலயத்தில்தான் தேவன் வாசம் செய்கிறார் என்று நினைத்து வளர்ந்த மக்கள் அவர்கள். ஆலயத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் வந்தாயிற்று. கூப்பிட்டால் கேட்குமா? அப்படி நாடுகடத்தப்பட்டவர்களில் ஒருவர் எசேக்கியேல். ஆசாரியக் குடும்பம், ஆலயத்தில் பணிசெய்ய வேண்டியவர். ராஜா சிறைப்பட்ட ஐந்தாம் வருஷம், அதாவது கி.மு. 593-ல், பாபிலோன் நாட்டுக் கேபார் நதிக்கரையில் அவர் தேவ மகிமையைக் காண்கிறார். சிங்காசனத்தோடு சக்கரங்களையும் காண்கிறார். சக்கரத்துக்குள் சக்கரம். எந்தத் திசையிலும் திரும்பாமலே போகக்கூடியவை. சக்கரம் செய்கிற ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த எனக்கு அந்த அதிகாரம் எப்போதும் பிரியமானது. தேவனுடைய சிங்காசனம் ஓர் ஊரோடு கட்டிப்போட்டதல்ல, தம் மக்கள் கொண்டுபோகப்பட்ட இடத்துக்கு அவரும் வருகிறார் என்பதை அந்தச் சக்கரங்கள் காட்டின.

ரேடியேஷன் அறை வாசல்வரைதான் கூடப்போகிறவர்களை விடுவார்கள். தொழில்நுட்பப் பணியாளரும் ஆளைச் சரியாகப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். கனமான கதவு மூடும். உள்ளே நோயாளி மட்டும், அசையாமல். முதல் தடவை வெளியே வந்ததும், "தனியா பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன். "தனியா இல்லீங்க" என்றாள். அதற்குமேல் அவள் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வெறும் தைரியத்துக்குப் பேசுகிறவள் அல்ல அவள். வலியை வலி என்றே சொல்லுவாள்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் வருஷந்தோறும் சொன்ன கதை டாக்டர் மேரி வர்கீஸுடையது. கேரளத்தில் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் படித்து மருத்துவரானவர். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. முகத்திலும் பலத்த காயம். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையில் முன்னோடியான பால் பிராண்ட் அப்போது வேலூரில் இருந்தார். அந்தச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அவர் வழிகாட்ட, சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார். அவருடைய கால்கள் கடைசிவரை எழவில்லை. "சுகமாகலியே டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கும். "இல்ல. ஆனா கர்த்தர் அவங்கள விட்டுப் போகவும் இல்ல. எத்தன பேரு கை நிமிர்ந்துது பாருங்க" என்பாள். கதையை அந்த இடத்தில் இனிப்புத் தடவாமல் சொன்னதுக்காக இன்றைக்கும் அவளை மதிக்கிறேன். பிள்ளைகளுக்கு அது புரிந்தது.

பாபிலோனுக்குப் போனவர்கள் கடிதத்தின்படி நடந்தார்களா? நடந்திருக்கிறார்கள். ஈராக்கில் கிடைத்த களிமண் பலகைகள் இதற்குச் சாட்சி. அரண்மனை இடிபாடுகளிலிருந்து எடுத்தவற்றில் யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்துகொடுத்த கணக்கு இருக்கிறது. இன்னொரு தொகுதி, கி.மு. 572 தொடங்கிச் சுமார் நூறு வருஷத்து ஆவணங்கள், அல்-யாகூது என்ற ஊரைப் பற்றியவை. யூதாக்காரர்களைக் குடியேற்றிய ஊர். பார்லி, பேரீச்சை, குத்தகை, வரி, கடன் என்று சாதாரணக் குடும்பங்களின் வாழ்க்கை அதில் பதிவாகியிருக்கிறது. பெயர்களில் பல யெகோவாவின் பெயரைச் சுமந்தவையாக இருப்பதைப் படித்தபோது, பாடித் தெருக்களின் பெயர்ப்பலகைகள் எனக்கு ஞாபகம் வந்தன. பேரீச்சை காய்க்கச் சில வருஷமாவது ஆகும். இரண்டு வருஷத்தில் ஊர் திரும்புவோம் என்று நம்பியவன் அதை நட்டிருக்க மாட்டான்.

நகரத்தின் நன்மையைத் தேடச் சொன்ன வரிக்கும் பாடியில் அர்த்தம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. எங்கள் சபையார் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வைத்திருந்த பணத்தில் அரிசியும் பாயும் போர்வையும் வாங்கினார்கள். ஆலய மண்டபத்தில் அடுப்பு மூட்டிப் பொட்டலம் கட்டினோம். தொப்பலாக நனைந்த உடம்போடு பக்கத்து வீட்டு நண்பரும் தன் டெம்போவில் அதை ஏற்றிக்கொண்டு போனார். அந்த வருஷம் அவர் வீட்டுக்கும் ஓர் அட்டை கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் கேட்டு வாங்கிய அட்டை அது.

அவர் கேட்ட கேள்விக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: "தம்பி, அந்த வசனம் முதல்ல எங்களுக்கு எழுதினதில்ல. அந்தத் தச்சர், கொல்லர் குடும்பங்களுக்கு எழுதினது. அவங்களுக்கு அவர் சொன்னத செஞ்சாரு. அதனாலதான் நாங்களும் அதப் பிடிச்சிக்கிறோம். எப்ப, எப்படிங்கிறது அவர் கையில இருக்கு."

செய்யத்தான் செய்தார். கி.மு. 539-ல் பாரசீக ராஜா கோரேசிடம் பாபிலோன் விழுந்தது. அடுத்த வருஷமே ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. அந்தத் திரும்புதலைத்தான் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறோம். இந்த வருஷம் ஜனவரியிலிருந்து எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் அட்டை வசனத்தை மட்டும் சொல்லிப் போகாமல், அது வரும் அதிகாரத்தை முழுக்க வாசிக்கிறோம். அப்படியே எரேமியா முடிந்து எஸ்றாவுக்கு வந்தோம். மூன்றாம் அதிகாரத்தில் திரும்பிவந்தவர்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுகிறார்கள். பழைய ஆலயத்தைக் கண்ணால் பார்த்திருந்த கிழவர்கள் சத்தமிட்டு அழுகிறார்கள். மற்ற அநேகர் சந்தோஷத்தில் ஆர்ப்பரிக்கிறார்கள். எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்டதாம்.

வாசித்து முடித்ததும், போன வருஷம் கணவரை இழந்த ஓர் அம்மா, "அழுதவங்கள யாரும் வாய மூடச் சொல்லலையே" என்றார். அன்றைக்கு அதைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். டீ ஆறிப்போய் மறுபடி சுடவைக்க வேண்டியிருந்தது. வரும் வெள்ளிக்கிழமை நாலாம் அதிகாரம். கட்டட வேலை பாதியில் நின்றுபோகிற இடம்.